பேஸ் டிரம்மின் வலப்பக்கத் துளைகள்

ஜூன் 2

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் டிரம் செட் நேற்று மதியம் வந்து இறங்கியது. உங்கள் மகளும் என் மகனும் நலம். மருமகள் லாரிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிப்போய், அப்பாவே வந்து இறங்கியதுபோல் பேஸ் டிரம்மைக் கட்டிக்கொண்டாள்.

முதலில் ஒரு குறை. டிரம்மைப் போர்வையில் சுற்றி அனுப்பியது சரி. ஆனால் ஸ்க்ரூக்களையெல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவில் கொட்டி அனுப்பியிருக்கிறீர்கள். அதில் மின்விசிறி ஸ்க்ரூ இருக்கிறது, கதவுக் கீல் இருக்கிறது, ஒரு சட்டைப் பொத்தானும் இருக்கிறது. காலையிலிருந்து அவற்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் பழைய டிரம்களைப் பழுதுபார்க்கும் என் பட்டறையைப் பார்த்துவிட்டு, "என்னோடதையும் ஒரு கை பாத்துக் குடுங்க சம்பந்தியம்மா" என்று நீங்கள் சொன்னபோது ஏதோ பழைய செட் என்றுதான் நினைத்தேன். நேற்று பேஸ் டிரம்மின் உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். எப்போதோ மூடிப்போன ஒரு டிரம் தொழிற்சாலையின் ஆரம்ப காலத்து முத்திரை இருக்கிறது. அவர்கள் செய்த டிரம்களைத்தான் இத்தனை நாளாகத் தேடித்தேடிப் படமெடுத்து, அளந்து, ஒரு புத்தகத்துக்காகப் பதிவு செய்து வருகிறேன். முழு செட்டாக நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இசைக்கூடம் ஒன்று திறக்கப்போகிறார்கள். அந்தத் தொழிற்சாலையின் செட் ஒன்று கிடைத்தால் நடுவில் வைத்து, சுற்றிச் சுவரில் என் படங்களையும் அளவுகளையும் மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குச் சம்மதமானால், வேலை முடிந்ததும் உங்கள் செட்டையே சிறிது காலம் அங்கே வைக்கலாம்.

எனக்குத் தெரிய வேண்டியவை: யாரிடம் வாங்கினீர்கள், தோல் எப்போது மாற்றியது, இரும்புப் பாகங்களில் எவை பிறகு சேர்த்தவை. போனில் கேட்டால் "ஆமா ஆமா, எல்லாரும் சௌக்கியம்" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சட்டைப் பொத்தான் என்னுடையதுதான், வைத்திருங்கள்.

இங்கே போன் லைன் சரியில்லை. ஒரே இரைச்சல். நீங்கள் எழுதுவதே நல்லது.

செட்டை ஒரு கப்பல் பேண்டுக்காரரிடம் வாங்கினேன். அவருக்குக் கடல் அலுத்துவிட்டது, எனக்குக் கல்யாணப் பத்திரிகை எழுதும் வேலை அலுத்துவிட்டது. அன்று முதல் கடற்கரை ஹோட்டலில் நான்தான் டிரம்ஸ். டிரம்பெட்காரன் எனக்கு டமாரம் என்று பெயர் வைத்தான். இன்றைக்கும் ஹோட்டல் பக்கம் போனால் காவலாளி, "டமாரம் சார், வாங்க" என்பார். சொந்தப் பெயர் ரேஷன் கடையில் மட்டும்தான் வழக்கத்தில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஹோட்டலை இடிக்கப்போகிறார்கள். அதற்குமுன் பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, அதே ஹாலில் ஒரு சாயங்காலம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் கடைசி ஞாயிறு. அதற்கு எனக்குச் செட் வேண்டும். வாடகை செட்டில் வாசிக்கமாட்டேன். அது அடுத்தவர் செருப்பில் நடப்பது மாதிரி.

அருங்காட்சியகம்தானே, தாராளமாகக் கொடுங்கள். கச்சேரி முடிந்த மறுநாளே கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளட்டும். அதற்குமுன் என் கைக்கு வர வேண்டும். ரொம்பத் தள்ளிப்போட முடியாது.

என் மகள் உங்களை அதிகம் தொந்தரவு செய்யவில்லை என்று நம்புகிறேன்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 9

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மூன்று கேள்விகளில் ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது. அதிலும் பாதி வரி மை இழுகிப்போய்ப் படிக்க முடியவில்லை. எழுதியதும் கொஞ்சம் காயவிட்டு மடியுங்கள்.

பேஸ் டிரம்மின் மர உடல் அடுக்கடுக்காக ஒட்டிய பலகை. ஒரு பக்கம் அடுக்கு பிரிந்து நிற்கிறது. பசை தடவி, இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் போட்டுவிட்டு, அது தானாகக் காயும்வரை அதன் பக்கமே போகக்கூடாது. முன்பக்கம் இருப்பது உண்மையான கன்றுத்தோல். அதை நனைத்து, மர வளையத்தில் மடித்து, மெதுவாக இழுத்துக் காயவைக்க வேண்டும். இங்கே மழை விடுகிற மாதிரி இல்லை. நான் அவசரப்பட்டால் தோல் கிழியும். கிழிந்தால் அதற்கு மாற்று இல்லை.

அருங்காட்சியக அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். செட் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. அங்கேதான் சிக்கல். சின்ன டிரம்மைத் தாங்கும் பிராக்கெட் பேஸ் டிரம்மின் இடப்பக்கம் இருக்க வேண்டும். உங்களுடையதில் அந்த இடம் காலியாக இருக்கிறது. வலப்பக்கம் யாரோ மூன்று துளை போட்டு அங்கே மாட்டியிருக்கிறார்கள். அடியில் இன்னொரு துளை, அது எதற்கென்றே தெரியவில்லை. யார் செய்த வேலை இது? கண்ணை மூடிக்கொண்டு போட்டதுபோல் இருக்கிறது.

போன் லைன் கெட்டிருக்கிறது என்கிறீர்கள். அதே லைனில்தான் மருமகள் அவள் அம்மாவோடு அரைமணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். என்னோடு பேச விருப்பமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடலாம். நான் வருத்தப்படமாட்டேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஆகஸ்ட் 3

சம்பந்தியம்மாவுக்கு,

பசை, கிளாம்ப், மழை. உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கே சளி பிடிக்கும்போல் இருக்கிறது.

ஒத்திகை ஆரம்பித்துவிட்டோம். டிரம்பெட்காரன் வீட்டு மாடியில். எல்லோரும் அவரவர் வாத்தியத்தோடு வருகிறார்கள். நான் இரண்டு குச்சியோடு போய் நாற்காலி மெத்தையில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பியானோக்காரர் நேற்று கேட்டார், "என்ன டமாரம், தூசி தட்ட வந்தியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

துளை கிடக்கட்டும், விடுங்கள். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்டது தோலை மாட்டி, ஆடுகிறதை இறுக்கித் தரச்சொல்லி. இந்த டிரம் எந்த நட்சத்திரத்தில் பிறந்தது என்று ஜாதகம் எழுதச் சொல்லவில்லை.

உங்களோடு பேச விருப்பமில்லாமல் இல்லை. லைன் சரியில்லை என்றால் சரியில்லைதான்.

டிரம்பெட்காரனுடைய மைத்துனனிடம் வேன் இருக்கிறது. ஏதாவது ஒரு நாள் அங்கே வரச் சொல்கிறேன். எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் ஏற்றிவிடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 21

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் டிரம்பெட்காரர் வேனோடு வந்தார். முன்கூட்டி ஒரு தகவல் இல்லை. கன்றுத்தோல் வளையத்தில் ஈரமாக இருக்கிறது, பெடல் கழற்றிக் கிடக்கிறது, அவர் வாசலில் நின்று, "சும்மா தூக்கிப் போடுங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்கிறார். காப்பி கொடுத்து வெறும் வேனோடு திருப்பி அனுப்பினேன். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உங்களைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, மருமகளைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

உங்களுக்குச் செட் நேரத்துக்கு வரும். நான் வாக்குக் கொடுத்தால் தவறுகிறவள் இல்லை.

இத்துடன் புகைப்படம் ஒன்று வைத்திருக்கிறேன். பாருங்கள். வலப்பக்கத் துளைகள் மூன்றையும் அடித்துளையையும் அதே ஜாதி மரத்தில் கட்டை செதுக்கி அடைத்துவிட்டேன். மேலே வார்னிஷ் பூசி, தேய்த்து, மறுபடி பூசி, நாள் கணக்காக அதிலேயே உட்கார்ந்திருந்தேன். துளை எங்கே இருந்தது என்று உங்களாலேயே இனிக் கண்டுபிடிக்க முடியாது. வேறொரு சேகரிப்பாளரிடம் கெஞ்சி அசல் பிராக்கெட் வாங்கி, இடப்பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டிவிட்டேன். அதிகாரியும் படம் பார்த்துவிட்டு மிகவும் திருப்தி என்று எழுதியிருக்கிறார்.

இதைப் பார்த்தாவது உங்கள் கோபம் தணியும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஆகஸ்ட் 27

சம்பந்தியம்மா,

படம் பார்த்தேன். வீட்டில் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நான் இடது கைக்காரன்.

இது உங்களுக்குத் தெரியாதா? தெரியாதென்றால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அந்தத் துளைகளைப் போட்டது கண்ணை மூடிக்கொண்ட எவனோ இல்லை, நான்தான். ஊரில் எல்லாருக்கும் டிரம்ஸ் இடமிருந்து வலம் ஓடும். எனக்கு வலமிருந்து இடம். வாங்கின புதிதில் அதைத் தலைகீழாக வாசித்து வாசித்து மணிக்கட்டு வீங்கிப்போனது. பேண்டு மாஸ்டர், "ஒண்ணு கையை மாத்து, இல்ல ஆளை மாத்துறேன்" என்றார். கையை மாற்ற முடியவில்லை, டிரம்மை மாற்றினேன். தச்சுக்கடையில் ஒரு டிரில்லை இரவல் வாங்கி, நானே போட்ட துளைகள் அவை. அடித்துளை பல்பு ஒயருக்கு. மழைக்காலத்தில் தோல் தொய்ந்து சாக்கு மாதிரி ஆகிவிடும். உள்ளே ஒரு பல்பு எரியவிட்டால் சூட்டில் விறைப்பாக நிற்கும்.

அதையெல்லாம் அடைத்துவிட்டு, கண்டுபிடிக்க முடியாது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அந்த டிரம்மில் உட்கார்ந்ததற்கு அடையாளமே இல்லை. அது இப்போது வேறு யாருடையதோ.

கச்சேரிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. நான் எதில் வாசிப்பது?

இனி இதைப்பற்றி எனக்கு எழுத வேண்டாம். அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடுங்கள். என் மகளை நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறீர்கள், அது போதும்.


செப்டம்பர் 5

சம்பந்தி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மை ஒரே பக்கமாக இழுகியிருக்கிறது. எழுதிய கை எழுத்தின் மேலேயே ஊர்ந்து போயிருக்கிறது. தோலில் குச்சி விழுந்த தழும்பைப் பார்த்து வாசித்தவருடைய பலத்தைச் சொல்கிறவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. இது கண்ணில் படவில்லை. உங்களைக் கேட்காமல் செய்தது தவறு. நீங்கள் பதில் சொல்லாததும் தவறுதான். இரண்டையும் எழுதிவிடுகிறேன், ஒன்றை மட்டும் எழுதினால் எனக்கு மனது ஆறாது.

உங்கள் கடிதம் வந்த அன்று மருமகள் பட்டறைக்கு வந்து நின்றாள். எதையும் தொடாமல் நின்றால் அழப்போகிறாள் என்று அர்த்தம்.

"அத்தை, அப்பா போன்ல ஏன் பேசறதில்லன்னு தெரியுமா?"

"என்னைப் பிடிக்கல, அதான்."

"அவருக்குக் காது கேக்கல அத்தை. ஒரு காது எப்பவோ போச்சு. இன்னொண்ணும் குறைஞ்சுக்கிட்டே வருது. டாக்டர் கைவிரிச்சிட்டாரு. இங்க யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு."

"உங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மாவா? டமாரம்னு பேரு வாங்கின மனுஷன் டமாரச் செவிடா ஆயிட்டாருன்னு சிரிக்கறாங்க. அப்புறம் போனை வச்சிட்டு அழறாங்க."

தள்ளிப்போட முடியாது என்று நீங்கள் எழுதியது ஹோட்டலைப் பற்றி என்று நினைத்தேன். அவசரக்காரர் என்று உங்களைத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன், என் மகன் சாட்சி.

இப்போது வேலை விஷயம். பழைய மரத்தில் நான் கரையாத பசை போடுவதில்லை. பின்னால் வருகிறவர் பிரிக்க வேண்டியிருந்தால் பிரிக்க முடிய வேண்டும் என்பதற்காக. அந்தப் பின்னால் வருகிறவள் நானே என்று நினைக்கவில்லை. நீராவி காட்டிக் கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டேன். உங்கள் துளைகள் அப்படியே இருக்கின்றன. டிரில் ஒரு இடத்தில் வழுக்கிக் கீறிய கோடுகூட இருக்கிறது. சுற்றிலும் என் வார்னிஷ் ஒரு வளையமாக நிற்கிறது, அது போகாது. பிராக்கெட் வலப்பக்கம் ஏறிவிட்டது. பல்புக்குப் புது ஒயர் போட்டிருக்கிறேன், பழையது மேலுறை உரிந்து கிடந்தது, எப்படி உயிரோடு இருந்தீர்கள் என்று தெரியவில்லை.

நீங்கள் உட்காரும் ஸ்டூலின் உயரமும், சின்ன டிரம் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பதும் எனக்கு வேண்டும். இதற்காவது உடனே பதில் போடுங்கள். அருங்காட்சியகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேனை அனுப்புங்கள். இந்தத் தடவை நிறைத்து அனுப்புகிறேன்.

சம்பந்தி


அக்டோபர் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கச்சேரி முடிந்தது. நன்றாக நடந்தது என்று என் மகள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் அப்படித்தான் சொல்வாள்.

செட் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து பெடலை ஒரு மிதி மிதித்தேன். ஆடவில்லை, கிறீச்சிடவில்லை, கால் போன இடத்தில் டிரம் நின்றது. கைக்கு எட்ட வேண்டியது எல்லாம் கைக்கு எட்டியது. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. சொல்லலாம் என்று தேடிப் பார்த்தேன்.

டிரம்பெட் எனக்குக் கேட்காது. பியானோ கொஞ்சம் உறுமல் மாதிரி. அதனால் ஒத்திகையிலேயே ஒரு ஏற்பாடு. பியானோக்காரர் காலால் தாளம் போடுவார், நான் அந்தக் காலைப் பார்த்து வாசிப்பேன். அப்படியே பாட்டுப் பாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் ஆடக்கூட ஆரம்பித்தார்கள். அப்போது ஹோட்டல்காரர்களில் எந்தப் புண்ணியவானோ, பாட்டுக்கு ஏற்ற மாதிரி இருக்கட்டும் என்று விளக்கைக் குறைத்துவிட்டான். எனக்குக் கால் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓட்டினேன். முடியும் இடம் வந்துவிட்டது என்று நினைத்து, சிம்பல் தட்டில் ஒரே அடியாக அடித்து முடித்து, கையைத் தூக்கிவிட்டேன்.

பார்த்தால் டிரம்பெட்காரன் கன்னம் இன்னும் உப்பியிருக்கிறது. பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி. ஹாலில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அந்த ஒரு நொடியில் எனக்குக் காது கேட்காது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

டிரம்பெட்காரன் ஊதுவதை நிறுத்தினான். மைக்குக்கு வந்து ஏதோ சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். என்ன சொன்னான் என்று வீட்டுக்கு வந்த பிறகு என் வீட்டுக்காரியிடம் கேட்டேன். காதோரம் வந்து கத்திச் சொன்னாள். "எங்க டமாரம் முடிச்சா பாட்டு முடிஞ்சது. அன்னிக்கும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான்." இப்படிச் சொன்னானாம். அன்றைக்கெல்லாம் அப்படி இல்லவே இல்லை. நான் முந்தினால் இடைவேளையில் அம்மா அப்பாவையெல்லாம் இழுத்துத் திட்டுவான்.

அதன்பிறகு நான் வாசிக்கவில்லை. குச்சியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

செட்டை அருங்காட்சியகத்துக்கு எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள்? எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

உங்கள் சம்பந்தி


அக்டோபர் 11

அன்புள்ள சம்பந்திக்கு,

விளக்கைக் குறைத்தவனை என் கையில் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செட் இப்போதைக்கு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இசைக்கூடம் திறப்பது தள்ளிப்போகும்போல் இருக்கிறது. துணி போட்டு மூடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், வேர்த்துவிடும். கன்றுத்தோலை வாரத்துக்கு ஒரு தடவையாவது தொட்டுப் பாருங்கள், தொய்ந்திருந்தால் பல்பைப் போடுங்கள். வாசிக்காமல் வைத்தால் அதற்கும் நல்லதில்லை.

மருமகள் முகமெல்லாம் சிரிப்பாக வளைய வருகிறாள். காரணத்தை அவளே உங்களுக்கு எழுதுவாள்.

சம்பந்தி


நவம்பர் 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மகள் எழுதியிருந்தாள். நாம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தாத்தாவும் பாட்டியும் ஆகப்போகிறோம். இனிமேல் நீங்கள் என்னோடு சண்டை போட்டால் கேட்பதற்கு ஆள் வந்துவிடும்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாள். இசைக்கூடம் திறப்பது தள்ளிப்போகவே இல்லையாம். துளைகளை மறுபடி திறந்துவிட்டீர்கள் என்று தெரிந்ததும், மாற்றம் செய்த செட் எங்களுக்கு வேண்டாம் என்று அதிகாரி எழுதிவிட்டாராம். செட்டும் இல்லை, உங்கள் படங்களும் இல்லை. இத்தனை வருஷ வேலை சுவர் ஏறாமல் பட்டறையில் கிடக்கிறது. பசையைப் பற்றி எனக்குப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். இதை எழுதவில்லை. எனக்கு உங்கள்மேல் இதில் கோபம்தான்.

சும்மா இருக்க முடியவில்லை. டிரம்பெட்காரனுடைய மைத்துனன் வேனில் செட்டை ஏற்றிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கே போய்விட்டேன். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். துளை ஏன் போட்டேன், பேண்டு மாஸ்டர் என்ன சொன்னார், மணிக்கட்டு எப்படி வீங்கியது எல்லாம் சொன்னேன். அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. நான் பல்பு விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுபடி ஏதோ சொன்னார். அதுவும் கேட்கவில்லை. வாயைப் பார்த்தால் மறுக்கிற வாய் மாதிரிதான் இருந்தது, ஆனால் கேட்காதவரை அது பதில் இல்லையே என்று, உங்கள் படங்களைப் பற்றி ஆரம்பித்தேன். ஒரு தொழிற்சாலை செய்ததை மட்டும் வைத்தால் அது கடை, வாசித்தவனையும் சேர்த்து வைத்தால்தான் அருங்காட்சியகம் என்றேன். வராந்தாவில் நின்றிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

கடைசியில் அவர் ஒரு தாளை எடுத்து, பெரிய எழுத்தில் "முடியாது, மன்னிக்கவும்" என்று எழுதிக் காட்டினார். படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆக, அங்கே ஒன்றும் நடக்கவில்லை. உங்களுக்காகப் போய், உள்ளதையும் கெடுத்துவிட்டு வந்தேனோ என்று இவள் திட்டுகிறாள்.

திரும்பி வந்து செட்டை முன்னறையில் போட்டேன். மூடி வைக்கத் துணியை எடுத்தவன், பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்த்தேன். சத்தம் காதில் வரவில்லை. தொடையில் வந்தது. அப்படியே உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாக வாசித்தேன். பாக்கி வைத்திருந்த அந்தச் சரணத்தையும் சேர்த்து. இப்போது தினமும் சாயங்காலம் உட்காருகிறேன்.

உங்கள் புத்தகத்தை அவர்கள் சுவருக்காக நிறுத்தி வைக்க வேண்டாம். கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பி வாருங்கள். மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டி வாருங்கள். துளையை மட்டும் படமெடுக்காமல், நான் உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள். நீங்கள் கேட்டு நான் பதில் சொல்லாத கேள்விகள் நிறைய இருக்கின்றன. தாளில் எழுதி நீட்டுங்கள், ஒன்று விடாமல் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்கிறார்களாம். இவள் கவலைப்படுகிறாள். எதுவாக இருந்தாலும் என்னிடமே நேரில் வந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி